வாலிபாலை நிறுத்த வேண்டாம், சார்
பதினொன்றாம் வகுப்புப் பையன் மாலை முழுக்க வாலிபால் மைதானத்திலேயே கிடக்கிறான், காலாண்டுத் தேர்வில் கணிதம் போய்விட்டது, விளையாட்டை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள், சார். என் வீட்டிலும் இதே கதைதான். பந்தைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். மிச்சமான இரண்டு மணி நேரமும் போனுக்குப் போனது, மதிப்பெண் ஏறவில்லை. சரி என்று பந்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கவனித்தேன்: எட்டு மணிக்கு வந்து, சாப்பிட்டு, கணக்கு நோட்டின் மேலேயே தூங்கிவிடுகிறான். கணக்கை விடியற்காலை ஐந்தரைக்கு மாற்றினோம். ஓரளவு தேறினான்.

அப்புறம், போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. அதற்கும் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் தேறியிருக்க வேண்டும். இதை நீங்கள் சொல்வதைவிட அவனுடைய கோச் சொன்னால் கேட்பான்.