141க்குக் கோன் பில்டர் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2008ஆம் ஆண்டு டொயோட்டா அக்சியோ 141 இருக்கிறது. ஒன்றரை லீற்றர் எஞ்சின், ஓட்டோ கியர். தினமும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில், எஞ்சினுக்குக் காற்று எடுக்கும் எயார் இன்டேக் செட் ஒன்று காட்டினார்கள். அலுமினியக் குழாய், கூம்பு வடிவச் சிவப்புக் கோன் பில்டர், சிலிக்கோன் இணைப்பு எல்லாம் சேர்த்து 38,000 ரூபா. பிக்கப் கூடுமாம், லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் மிச்சமும் வருமாம். வாங்கலாமா?

பதில்: பெற்றோல் மிச்சத்துக்கென்றால் வாங்க வேண்டாம். அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அந்த வண்டிகளில் பில்டர் அடைத்தால் காற்றுக் குறையும், பெற்றோல் கூடும், பின்னால் கரும்புகை வரும். உங்கள் 141 அப்படியில்லை. உள்ளே போகும் காற்றை ஒரு சென்சர் அளந்து சொல்ல, அதற்கேற்ற பெற்றோலைத்தான் கம்பியூட்டர் விடுகிறது. காற்றுக் கூடினால் பெற்றோலும் கூடும். பிறகு மிச்சம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடம் 2009இல் பில்டரை வேண்டுமென்றே அடைத்து வைத்து இதைச் சோதித்தது. புதிய வகை எஞ்சின்களில் பெற்றோல் செலவு மாறவில்லை. முழுதாக மிதித்து வேகம் எடுப்பதில்தான் வண்டி பின்தங்கியது. அடைத்த பில்டருக்கே கதை இதுதான். நீங்கள் கழற்றப்போவதோ நல்ல பில்டரை.

அடுத்தது பிக்கப். உங்கள் எஞ்சினின் 110 குதிரைவலு வருவது நிமிடத்துக்கு 6,000 சுற்றில். பம்பலப்பிட்டிச் சந்திக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் கடைசியாக எப்போது 6,000 சுற்றைப் பார்த்தீர்கள்? படியில்லாமல் மாறும் அந்த சிவிடி ஓட்டோ கியர் நகரத்துக்குள் பெரும்பாலும் 1,500, 2,000இலேயே வண்டியை இழுத்துக்கொண்டு போகும். அரைவாசி மிதிக்கும்போது காற்றைத் தடுத்து நிற்பது பில்டர் அல்ல, மிதிக்கேற்பத் திறந்து மூடும் த்ரோட்டில் வால்வு. இன்னும் கொஞ்சம் காற்று வேண்டுமென்றால் காலை இன்னும் கொஞ்சம் அமர்த்தினால் போதும், அதற்குக் காசில்லை. செட் வரும் பெட்டியில் எழுதியிருக்கும் குதிரைவலுக் கணக்கு, முழு மிதியில், உச்சச் சுற்றில் எடுத்தது.

இதை எழுதுகிறவனும் ஒரு காலத்தில் 121 கொரோலாவுக்குக் கோன் பில்டர் போட்டவன்தான். போட்ட அன்று மரைன் டிரைவில் நாலு தரம் போய் வந்தேன். சத்தம் அவ்வளவு பிடித்திருந்தது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காது நம்பிவிடும். ஒரு கிழமை கழித்து நண்பர் ஒருவர், வண்டிக் கம்பியூட்டர் சொல்வதைக் காட்டும் சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒன்றைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினார். தெஹிவளை நெரிசலில் நின்றபடி பார்த்தோம். எஞ்சினுக்குள் போகும் காற்றின் சூடு 58 பாகை. பழைய பில்டர் பெட்டியை மாட்டி, அதே நேரத்தில் அதே வீதியில் பார்த்தபோது 41. காற்று சூடேறச் சூடேற ஐதாகும். பத்துப் பாகைக்கு ஏறக்குறைய மூன்று வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தால் காசு கொடுத்து ஐந்து வீதக் காற்றைக் குறைத்து வாங்கியிருக்கிறேன்.

காரணத்தை உங்கள் போனட்டைத் திறந்தாலே காணலாம். கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து புறப்படும் வாய்க்குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். அது எஞ்சின் சூட்டை விட்டு விலகி, முன்பக்கம் வெளிக்காற்றைத் தேடித்தான் போயிருக்கும். டொயோட்டாக்காரன் குளிர்ந்த காற்றுக்கு ஏற்கெனவே வழி விட்டிருக்கிறான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கொதிக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்த பில்டரை நிறுத்தி வைப்பதைத்தான் செட் என்று விற்கிறார்கள்.

சத்தத்துக்காகவே ஆசை என்றால் அதில் பிழையில்லை, காசு உங்களுடையது. ஆனால் அந்தச் சென்சர் விஷயத்தில் கவனம். 141இல் அது பில்டர் பெட்டியின் மூடியிலேயே, வயர் பிளக்கோடு இருக்கிறது. புதுக் குழாயில் சென்சர் உட்காரும் இடத்தின் உள்விட்டம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். உதாரணத்துக்கு 70 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 76 வந்தால் வாயின் பரப்பு 18 வீதம் கூடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சர் 15 வீதம் குறைத்துச் சொல்லும். கம்பியூட்டர் ஓரளவுக்குச் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் செக் எஞ்சின் லைட் எரியும், ஸ்கேனரில் பி0171 என்று காட்டும்: பெற்றோல் போதவில்லை என்று அர்த்தம். புகைப் பரிசோதனையில் ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் பார்க்கும்போது இந்தக் குழப்பம் வெளியே வந்தால், வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிற நேரத்தில் அலைச்சல்தான். கடைக்குப் போகும்போது பழைய மூடியையும் விட்டம் அளக்க ஒரு வேர்ணியரையும் கொண்டு போங்கள். அளக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

நானாக இருந்தால் 38,000ஐ இப்படிச் செலவழிக்க மாட்டேன். நல்ல காகித பில்டர் ஒன்று மாற்றி, த்ரோட்டில் பொடியைக் கழுவுவித்து, ஸ்பார்க் பிளக் நான்கையும் பார்ப்பேன். "பிக்கப் இல்லை" என்று வரும் பழைய வண்டிகளில் பாதிக்கு மருந்து அதுதான். எப்படியும் செட்டைத்தான் போடுவேன் என்றால், எஞ்சின் சூட்டை மறைக்கும் தகடு உள்ளதாக எடுங்கள். பழைய பெட்டியைக் கராஜில் விட்டு வராதீர்கள். விற்கும் நாளில் வாங்க வருகிறவர் போனட்டைத் திறந்து சிவப்பு பில்டரைக் கண்டால் "பெடியன்கள் அடித்து ஓடின வண்டி" என்று அங்கேயே விலையைக் குறைப்பார்.

கேள்வி: மகன் தன் காருக்குக் கோல்ட் எயார் இன்டேக் என்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். பில்டர் பம்பருக்குள், சில்லுக்குப் பக்கத்தில் கீழே இறங்குமாம். நாங்கள் இருப்பது ஆமர் வீதிப் பக்கம். மழை பெய்தால் எங்கள் சந்தி எப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பயமாக இருக்கிறது. சொன்னால் சிரிக்கிறான்.

பதில்: அம்மா, பயம் நியாயமானது. முதல் கேள்விக்காரருக்குச் சொன்ன சூட்டுப் பிரச்சினை இதில் இல்லை. காற்றுக் குளிர்ச்சியாகத்தான் வரும். ஆனால் பில்டர் பெட்டியின் வாய் போனட் உயரத்தில் இருந்த வண்டி, இப்போது முழங்காலுக்குக் கீழே மூச்சு விடப்போகிறது.

மகனுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 1,500 சிசி, நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 375 சிசி. அமுக்க விகிதம், அதாவது உள்ளே வந்த காற்றை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, பத்தரை என்று வைத்தால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் நாற்பது சிசி அளவுதான். பிளேன்டீ கோப்பையில் கால்வாசி. அவ்வளவு தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனாலே போதும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே போக இடமில்லாமல் அதைத் தள்ளும் கனெக்டிங் ரொட் வளையும், சில நேரம் புளொக்கையே துளைத்துக்கொண்டு வரும். பிறகு பேச்சு எஞ்சின் மாற்றுவது பற்றித்தான்.

பில்டர் நனைந்தால் உடனே தண்ணீர் உள்ளே போய்விடும் என்றில்லை. தூறலும் சில்லு தெறிக்கும் தண்ணீரும் பெரிய ஆபத்தில்லை. தண்ணீருக்குள் அமிழ்ந்தால்தான் ஆபத்து, அதுவும் முன்னால் ஒரு பஸ் போய் அலை அடிக்கிற நேரத்தில். ஏஈஎம் என்ற அமெரிக்கக் கம்பனி இதற்கென்றே பைபாஸ் வால்வு ஒன்று செய்தது. பில்டர் அமிழ்ந்தால் மேலே வேறு வழியால் காற்று எடுக்கும். டேர்போ வண்டிக்கு அது சரிவராது, தண்ணீர் வால்வுக்கு மேலே ஏறினாலும் பயனில்லை.

கழற்ற மாட்டேன் என்று நின்றால் இரண்டு விஷயத்துக்கு மட்டும் சம்மதம் வாங்குங்கள். மே மாதத்திலிருந்தும், பிறகு ஒக்டோபர், நவம்பரிலும், பழைய பெட்டியைப் போட்டு ஓட வேண்டும். கழற்றி மாட்ட ஒரு மணித்தியாலம் போதும். வண்டி தண்ணீருக்குள் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. நின்ற எஞ்சின் பெரும்பாலும் பிழைக்கும். திரும்ப ஸ்டார்ட் பண்ணப் போய்த்தான் அனேகமானோர் எஞ்சினை முறிக்கிறார்கள். தள்ளி வெளியே எடுத்து, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வண்டியில் செய்த மாற்றத்தையும் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து வையுங்கள்.

கேள்வி: கழுவிப் பாவிக்கும் எண்ணெய் பில்டர் ஒன்று, பழைய பெட்டிக்குள்ளேயே பொருந்துவது, வாங்கினேன். முதல் தரம் கழுவிப் போட்ட பிறகு வண்டி உதறுகிறது. கடைக்காரர் "கழுவினால் வாரண்டி இல்லை" என்கிறார். பில் தரவுமில்லை. என்ன செய்வது?

பதில்: எண்ணெய் கூடிப்போயிருக்கும். கே அண்ட் என் போன்ற பருத்தி பில்டர்களுக்கு எண்ணெய் மெல்லிசாக, ஒரே சிவப்பாகத் தெரியும் அளவுக்குத்தான் வேண்டும். கூடினால் காற்றை அளக்கும் சென்சரின் கம்பியில் போய்ப் படியும், அது பிழையாக அளக்கும். அதற்கென்றே விற்கும் சென்சர் கிளீனரை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர், பிரேக் கிளீனர் வேண்டாம். சென்சரைத் துணியால் துடைக்கவும் கூடாது. நன்றாகக் காய விட்டுப் பூட்டிப் பாருங்கள்.

உதறல் நிற்காவிட்டால், பில்டருக்குப் பின்னால் வரும் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் ஒரு தரம் துடையுங்கள். துணியில் மண் வந்தால் பில்டர் சரியாகப் பொருந்தவில்லை, அல்லது சாமான் போலி. போலியின் ரப்பர் விளிம்பு கையில் எடுத்தாலே விறைப்பாக இருக்கும், மடிப்புகளும் ஒரே சீராக இராது.

பில் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும். மறுபடியும் போய்க் கேளுங்கள். தராவிட்டால் அந்த அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழையுங்கள். சாமானைப் பற்றிய முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கடைக்காரரோடு வாட்ஸ்அப்பில் விலை பேசியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள், பில் இல்லாத இடத்தில் கைகொடுப்பது அதுதான்.