புராணப் பாத்திரங்களை இன்றைய நகரத்தில் வைத்துக் கதை எழுதினால் மாறுவேடப் போட்டி போல வந்து நிற்கிறதே, என்ன செய்வது?

இதே இடத்தில் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். என் முதல் கதையில் எமன் எருமையை விட்டு இறங்கி மோட்டார் சைக்கிளில் வந்தான். பாசக்கயிறுக்குப் பதில் கையில் போன். படித்த நண்பர், "சரி, அப்புறம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வாகனம் மாறியதே தவிர, இந்த நகரத்துக்கு வந்ததால் எமனுக்கு ஒரு சிக்கலும் வரவில்லை.

அதன்பிறகுதான் புராணங்களைத் திரும்பப் படித்தேன். அவற்றை நகர்த்துவது வரமும் சாபமும், அவற்றோடு வரும் நிபந்தனைகளும்தான். உடையையும் வாகனத்தையும் எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். நிபந்தனையில் மட்டும் ஒரு சொல்லைக்கூடத் தொடாதீர்கள்.

இரணியனை எடுத்துக்கொள்ளுங்கள். பகலிலும் இரவிலும் சாகக் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது, மண்ணிலும் விண்ணிலும் கூடாது, மனிதனாலும் விலங்காலும் கூடாது, ஆயுதத்தாலும் கூடாது. பழைய கதை அந்திப்பொழுதையும் வாசற்படியையும் மடியையும் நகங்களையும் கண்டுபிடித்தது. இன்றைய நகரத்தில் அந்தி எங்கே இருக்கிறது? விளக்கு வெளிச்சத்தில் அது வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஆனால் தெருவிளக்கின் சென்சார் எரியலாமா வேண்டாமா என்று இரண்டு மூன்று முறை மினுக்குமே, அந்த நிமிடம் இருக்கிறது. வாசற்படிக்கு உயரமான அலுவலகக் கட்டடங்களின் கண்ணாடிச் சுழல் கதவு போதும். அதற்குள் நிற்பவன் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த நேரத்தில் அந்தக் கதவு பாதிச் சுற்றில் நின்றுவிட்டால்? எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. மனிதனும் விலங்கும் அல்லாதது என்றதும் ரோபோவை எழுதத் தோன்றும். வேண்டாம். மகன் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் தெய்வத்தின் கோபம் இயந்திரத்துக்கு வராது. சிங்கமுகத்தோடேயே வரட்டும்.

கிரேக்கக் கதைகளில் இறந்தவர்களை ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டி சாரோன் ஒரு நாணயம் கூலி கேட்பான். அதற்காகவே பிணத்தின் வாயில் காசு வைத்தார்கள். அவனைச் சுரங்க ரயிலின் கடைசி நிலையத்தில் உட்காரவையுங்கள். இறந்துபோன ஒரு பெண் போனை நீட்டுகிறாள். கணக்கில் நிறையப் பணம் இருக்கிறது, அவன் தலையை ஆட்டிவிடுகிறான். எல்லாரும் போனிலேயே பணம் கொடுக்கும் ஊரில் அவள் காசுக்கு எங்கே போவாள்? கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டுகிறாள், கிழிந்த உள்துணிக்குள் விரலை விட்டுத் துழாவுகிறாள். சாரோனை நான் மாற்றவே இல்லை, ஊர்தான் மாறியிருக்கிறது. கதை அங்கேயே பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்று, தெய்வம் வந்ததும் நகரமே அதிர்ந்து போவதாக எழுதாதீர்கள். அவசரத்தில் போகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பார்ப்பவர் ஒருவரோ இருவரோ இருந்தால் போதும்.

நீங்கள் எடுத்திருக்கும் பாத்திரத்தின் வரத்தையோ சாபத்தையோ ஒரு தாளில் முழுசாக எழுதிக்கொண்டு, நீங்கள் தினமும் போய்வரும் வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அந்த நிபந்தனை இடறுகிறதோ, அங்கே கதையைத் தொடங்குங்கள்.