40,000 ரூபாய்க்கு என்எஃப்டி கார் வாங்கலாமா?

சகோ, ரேஸ் கேம் ஒண்ணுல 40,000 ரூபாய்க்கு என்எஃப்டி கார் (அதாவது 'இது உங்களுது'ன்னு பிளாக்செயின்ங்கிற பொது டிஜிட்டல் கணக்குப் புத்தகத்துல பதிவான கார்) வாங்கலாமா, கேமை மூடினாலும் கார் நம்ம பேர்லயே இருக்குமாமேன்னு கேட்டிருந்தீங்க. இருக்கும். ஓட்டத்தான் ரோடு இருக்காது.

எஃப்1 டெல்டா டைம்னு ஒரு கேம். 2019 மே மாசம் அதோட '1-1-1'ங்கிற என்எஃப்டி கார் ஏலத்துல ஒரு லட்சம் டாலருக்கு மேல போச்சு. 2022 மார்ச்ல ஃபார்முலா 1 லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாம கேமையே மூடிட்டாங்க. பதிலுக்கு வேற கேம்ல கார் தர்றோம்னாங்க, அதுவும் உண்மைதான். ஆனா தந்தது கம்பெனி, பிளாக்செயின் இல்ல!

பிளாக்செயின்ல பெரும்பாலும் இருக்கிறது ஒரு நம்பரும் ஒரு லிங்கும்தான். காரோட மாடல், வேகம், டிராக் எல்லாம் கம்பெனி சர்வர்ல. நானும் ஆசைப்பட்டு 3,500 ரூபாய்க்கு ஒரு கேம்ல என்எஃப்டி வாள் வாங்கினேன். இப்ப வாலட்டை (என்எஃப்டி வச்சிருக்கிற ஆப்) திறந்தா படம் வர்ற இடத்துல சாம்பல் கலர் கட்டம்.

இன்னொரு கேமுக்கு எடுத்துட்டுப் போகலாம்ங்கிறதும் அப்படித்தான். அந்தக் கேம்காரன் உட்கார்ந்து உங்க காருக்குன்னு கோட் எழுதணும். அவனுக்கு என்ன தலையெழுத்து?

வித்துடலாம்னா, வாங்க ஆள் வேணும். லாபம் வந்தா நம்ம ஊர்ல 30% வரி, நஷ்டத்தைக் கழிக்கவும் வழியில்ல. பணம் கட்டுறதுக்கு முன்னாடி மார்க்கெட்பிளேஸ்ல கேட்கிற விலையைப் பார்க்காதீங்க, போன வாரம் எத்தனை கார் உண்மையிலேயே வித்துச்சுன்னு பாருங்க. அந்த நம்பரை இங்க போடுங்க, பேசுவோம்.