போதகர் பதில்கள்: ஒரு வசனமும் முழு அதிகாரமும்

இம்முறை வந்த கடிதங்களில் வாசிப்பைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவற்றுக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.

புத்தாண்டு ஆராதனையில் எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. மகனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துவிடும் என்று நம்பி, ஆண்டு முழுவதும் அந்த வசனத்தைச் சொல்லி ஜெபித்தேன். அடுத்த அட்டை எடுக்கும் நாள் வந்துவிட்டது, வேலை வரவில்லை. வாக்குத்தத்தம் பொய்யாகுமா?
— வாசகி, மார்த்தாண்டம்

அம்மா, ஒரு தாய் ஆண்டு முழுவதும் மகனுக்காகச் செய்த ஜெபம் வீணாகாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் குழந்தைகள் முதல் முதியோர் வரை வரிசையாக வந்து, அந்தச் சிறு அட்டையை எடுத்து, அங்கேயே நின்று வாசித்து, வேதாகமத்துக்குள் பத்திரமாக வைக்கும் வழக்கத்தை நான் குறைவாக எண்ணவில்லை. ஆனால் அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் உண்டு. அதற்கு முன்னும் பின்னும் எழுதப்பட்டிருப்பதை நாம்தான் வேதாகமத்தைத் திறந்து தேடிப் படிக்க வேண்டும்.

எரேமியா 29 ஆம் அதிகாரம் ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன மக்களுக்கு, எருசலேமில் இருந்த தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. சீக்கிரமே ஊர் திரும்பிவிடலாம் என்று சிலர் அந்த மக்களுக்கு ஆசை காட்டிக்கொண்டிருந்தார்கள்; முந்திய அதிகாரத்தில் வரும் அனனியா, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் மாறும் என்று ஆலயத்தில் நின்றே அறிவித்தான். எரேமியாவின் கடிதம் அதை மறுக்கிறது. 'நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்' என்று 5 ஆம் வசனமும், சிறையாகப் போன பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபியுங்கள் என்று 7 ஆம் வசனமும் சொல்லுகின்றன. எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் திரும்பி வருவீர்கள் என்று 10 ஆம் வசனம் சொல்லுகிறது. உங்கள் அட்டையில் இருந்த வசனம் அதற்கு அடுத்ததாக வருகிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட முதியவர்களில் பெரும்பாலோர் பாபிலோனிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். தேவன் தம் மக்கள்மேல் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே என்று உங்கள் அட்டையில் இருந்த வாக்கு அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது. எனவே வாக்குத்தத்தம் பொய்யாகவில்லை. அது ஒரு வருடத்துக்குள் ஒரு விசாவைப் பற்றிச் சொல்லப்பட்டதல்ல, அவ்வளவுதான்.

இதைச் சற்று விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வசனத்தை நம்பி நகையை அடகுவைத்து முகவரிடம் பணத்தைக் கட்டிவிட்டு, வேலையும் இல்லாமல் பணமும் திரும்பாமல் நிற்கிற குடும்பங்கள் நம் பகுதியில் இருக்கின்றன. அப்போது அவர்கள் முகவரை விட்டுவிட்டு தேவன்மேல் மனம் கசந்துபோகிறார்கள். உங்கள் மகன் இங்கே கிடைக்கிற வேலையில் சேர்ந்தால் அதை விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல அனுமதிக்காதீர்கள். தோட்டம் நாட்டுங்கள் என்று சொன்னதும் அதே கடிதம்தான். புதிய அட்டை கையில் வந்ததும் அன்றைக்கே அந்த அதிகாரம் முழுவதையும் இருவருமாக உட்கார்ந்து வாசியுங்கள்.

நான் தமிழ் இலக்கியம் படிக்கிறேன். திருக்குறளும் கம்பராமாயணமும் எனக்கு உயிர். 'உனக்கு வேதம் போதாதா?' என்று வாலிபர் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். மற்ற நூல்களை வாசிப்பது விசுவாசத்தைக் குறைக்குமா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தம்பி, குறைக்காது. அத்தேனே பட்டணத்தில் மார்ஸ் மேடையில் நின்று பேசிய பவுல், 'உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்' என்று கிரேக்கக் கவிஞரின் வரியையே சான்றாக எடுத்துக்கொண்டார். வாசித்திராதவருக்கு அந்த வரி அந்த நேரத்தில் நாவில் வந்திருக்காது. அதே பவுல் சிறையில் முடிவை எதிர்பார்த்திருந்த நாட்களில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் விட்டுவந்த மேலங்கியோடு புத்தகங்களையும், விசேஷமாகத் தோற்சுருள்களையும் கொண்டுவரச் சொல்லுகிறார். மாரிகாலத்துக்கு முன் வந்துவிடு என்றும் எழுதுகிறார். குளிருக்குப் போர்வை கேட்கிற மனிதர் அதே மூச்சில் புத்தகமும் கேட்கிறார் என்பது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்கவைக்கும் இடம்.

தமிழிலும் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனில் ஊறிய தம் தமிழை விட்டுவிட்டு வரவில்லை; 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற அவருடைய கிறிஸ்தவக் காவியம் அந்தத் தமிழில்தான் எழுந்தது. சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யு. போப் 1886 இல் திருக்குறளையும் 1900 இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதனால் அவருடைய விசுவாசத்துக்கு எந்தப் பங்கமும் நேரவில்லை.

நம் மாவட்டத்துக் கதையையும் உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். மயிலாடி வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806 இல் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் தென்திருவிதாங்கூருக்கு வந்தபோது, இங்கே எழுத்து என்பது பெரும்பாலான மக்களுக்கு மறுக்கப்பட்ட ஒன்றாக இருந்தது. சபை எழும்பிய இடத்தில் பள்ளியும் சேர்ந்தே எழும்பியது. ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கத்தை 1809 இல் மயிலாடியில் தொடங்கிய கல்விப்பணியிலிருந்தே கணக்கிடுகிறது. 1818 இல் வந்த மீட் ஐயர் நாகர்கோவிலில் அச்சகம் அமைத்தார். மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தையும் லேஸ் பின்னும் தொழிலையும் கற்றுக்கொடுத்தார். புத்தகத்தைத் தொடக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். வாசிக்காதே என்று நமக்குள்ளேயே ஒருவர் ஒருவருக்குச் சொல்வது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது. கம்பனை வாசியுங்கள், வேதத்தையும் அதே உழைப்போடு வாசியுங்கள். இலக்கியம் படிக்கிறவர்களில் பலர் இரண்டாவதில்தான் சோம்பலாக இருக்கிறார்கள்.

கைபேசியில் வேதம் வாசிப்பது சரியா? ஆலயத்தில் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.
— வாசகர், தக்கலை

சரிதான். ஆராதனை நேரத்தில் அழைப்பும் செய்தியும் வராதபடி அணைத்துவைத்துவிட்டு வாசியுங்கள்.

நான் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் கண் சொருகிவிடுகிறது. தினமும் மூன்று அதிகாரம் வாசிக்க வேண்டும் என்கிறார்களே?
— வாசகர், குலசேகரம்

அண்ணன், தினமும் இத்தனை அதிகாரம் என்று வேதத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையில் பால் வடிந்து முடியும்வரை காத்திருந்து, வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ஷீட் அடித்துக் காயப்போட்டுவிட்டு வீடு சேருகிற உடம்பை நான் அறிவேன். மாலைக் குடும்ப ஜெபத்தில் உங்கள் பிள்ளை ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். வேதம் நெடுங்காலம் பெரும்பாலும் காதால்தான் வாசிக்கப்பட்டது. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் ஏசாயாவை வாய்விட்டு வாசித்ததால்தான் பிலிப்பு அதைக் கேட்டு, அருகில் ஓடிப்போய், வாசிக்கிறதின் கருத்து தெரியுமா என்று விசாரித்தார். ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று அந்தப் பெரிய அதிகாரி தயங்காமல் கேட்டார். கேட்ட சங்கீதத்தில் ஒரு வரி மனதில் நின்றால், அதிகாலையில் பால் வடியும் நேரத்தில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு அர்த்தம் தெரியாத இடம் வந்தால் இருவருமாகப் போதகரிடம் வந்து கேளுங்கள்.

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். 2017 ஒக்கி புயலில் என் கணவர் திரும்பவில்லை; உடலும் கிடைக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் எல்லாரும் துதிக்கச் சொல்கிறார்கள். துதிச் சங்கீதங்களைத் திறந்தால் எனக்கு வாய் வரவில்லை. இது பாவமா, ஐயா?
— பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்ட வாசகி

இல்லை, சகோதரி. பாவம் இல்லை.

அறிவிப்பு வருவதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு அந்த நவம்பர் 30 ஆம் தேதி என்ன நேர்ந்தது என்று கரையில் இருந்தவர்களால் இன்றுவரை முழுமையாகச் சொல்ல முடியவில்லை. அடக்கம் செய்ய உடலும் இல்லாமல், காத்திருப்பதை எந்த நாளில் நிறுத்துவது என்றும் தெரியாமல் இருக்கிற ஒருவரைத் துதி என்று அவசரப்படுத்துவது தவறு. அப்படிச் சொல்கிறவர்கள் சங்கீதப் புத்தகத்தை முழுமையாக வாசிக்கவில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13 ஆம் சங்கீதம் கேட்கிறது. ஆனாலும் கடைசியில் பாட்டுக்குத் திரும்பிவிடுகிறது. 88 ஆம் சங்கீதம் திரும்புவதே இல்லை. உம்முடைய அலைகளினால் என்னை வருத்துகிறீர் என்று அது தேவனிடமே முறையிடுகிறது. வேண்டியவர்கள் எல்லாம் தூரமாய்ப் போனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு நன்றிச் சொல்கூட இறுதியில் சேர்க்கப்படவில்லை. ஆயினும் அது வேதத்திலிருந்து நீக்கப்படவில்லை; ஆலயத்தில் பாடப்பட்டது.

உங்கள் திருவிவிலியத்திலும் அது 88 ஆம் எண்ணில்தான் இருக்கிறது. அதை ஜெபமாகச் சொல்லுங்கள். முடிகிறபோது சொல்லுங்கள், முடியாத நாளில் உங்களுக்காக வேறொருவர் சொல்லட்டும். உங்கள் பங்குத்தந்தையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாம். அவர் என்னைவிட உங்கள் ஊரை நன்றாக அறிந்தவர்.

நான் இந்து. பக்கத்து வீட்டார் அன்பளித்த வேதாகமத்தை முதலிலிருந்து தொடங்கினேன்; லேவியராகமத்தோடு நின்றுவிட்டது. எங்கிருந்து தொடங்கலாம்?
— வாசகர், பூதப்பாண்டி

லேவியராகமம் வரை தனியாக வந்ததே பெரிய காரியம், ஐயா. இப்போது மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாறே அதிகாரங்கள், நான்கு சுவிசேஷங்களிலும் சிறியது, ஒரு மாலையில் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அடுத்து லூக்காவுக்குப் போங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். அதை விளங்கிக்கொள்ளப் பழைய ஏற்பாட்டுப் பழக்கம் வேண்டும். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால், 1995 இல் வெளிவந்த திருவிவிலியம் இன்றைய நடைக்கு நெருக்கமானது. மாற்குவை முடித்தபின் உங்களுக்கு ஒப்பாத இடங்களையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றுக்கும் இந்தப் பகுதியிலேயே பதில் எழுதுகிறேன்.