பிஎஸ்6 (இந்தியாவின் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியும் புகையும்: கேள்வி பதில்

கேள்வி: நாமக்கல்லில் லாரி வைத்திருக்கிறேன். புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் டெஃப் திரவம் யூரியாக் கரைசல்தானே? உர மூட்டை வாங்கிக் கரைத்து ஊற்றினால் செலவு மிச்சமாகுமே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். டெஃப் என்பது 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். சூடான புகையில் பீய்ச்சியதும் அது அம்மோனியாவாகிறது. அந்த அம்மோனியா, வினையூக்கியின் மேல் புகையிலுள்ள நச்சு வாயுக்களான நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்து, அவற்றை வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. உர யூரியாவோ 2015 முதல் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. பயிருக்கு அது நல்லது. ஆனால் அந்த எண்ணெய்ப் பசையும் உரத்திலுள்ள கசடும் குழாய்த் தண்ணீரின் உப்பும் பீய்ச்சும் முனையில் கட்டிதட்டி அடைத்துவிடும். வினையூக்கியும் கெட்டால், மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு செலவு வரும். போதாக்குறைக்கு, மானிய உரத்தை வேறு வேலைக்கு எடுப்பது குற்றம். விவசாயிக்குச் சேர வேண்டியது அது.

கேள்வி: டீசல் காரை ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறேன். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது.

பதில்: வடிகட்டியில் சேரும் கரி தானாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி சூடு வேண்டும். கடைத்தெரு ஓட்டத்தில் அந்தச் சூடு எட்டாது. விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் இருபது நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட்டுங்கள். நடுவில் எஞ்சினை அணைக்காதீர்கள். அதற்கும் அணையாவிட்டால் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். எஞ்சின் ஆயில் சாம்பல் குறைந்த ரகமாக இருக்கட்டும். கரி எரிந்துவிடும், ஆயில் சாம்பல் எரியாது.

கேள்வி: அந்த வடிகட்டியையே கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: கூடவே கூடாது. நல்ல நிலையில் உள்ள டிபிஎஃப் காரின் சைலன்சர் வாய்க்குள் விரலால் துடைத்துப் பாருங்கள், கரி ஒட்டாது. கழற்றிய காரில் விரல் கறுத்துவிடும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-லேயே அறிவித்துவிட்டது. பள்ளிக்கூட வாசலில் நிற்கும் குழந்தைகள் அதைச் சுவாசிக்க வேண்டுமா?

கேள்வி: பைக் புகையில் பெட்ரோல் வாடை அடிக்கிறது.

பதில்: பெட்ரோல் முழுதாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக்கையும் ஏர் ஃபில்டரையும் உடனே பாருங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளிருக்கும் வினையூக்கியே உருகிவிடும்.

கேள்வி: என்னுடையது பிஎஸ்4 டீசல் வண்டி. இப்போதைய டீசலால் பயன் உண்டா?

பதில்: உண்டு. 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தக வரம்பு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆகக் குறைந்தது. கந்தகம் குறைந்தால் புகையின் மாசும் குறையும். ஆனாலும் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதித்து வாருங்கள். கரும்புகை பெரும்பாலும் அங்கிருந்தோ அடைத்த ஏர் ஃபில்டரிலிருந்தோதான் கிளம்புகிறது.