வாசகர் கேள்வி: காட்டுப்பன்றிக்கு எந்தக் காலிபர்?

கேள்வி: டெக்சாஸில் நண்பரின் பண்ணையைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் பாழாக்குகின்றன. வேட்டைக்கு என்னையும் அழைக்கிறார். என்னிடம் இருப்பது .223 காலிபர் (குண்டின் விட்ட அளவு) ரைஃபிள், அதுவே போதும் என்கிறார். விலங்கு வதைபடக் கூடாது என்பதுதான் என் கவலை. வேறு ரைஃபிள் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்குவதே நல்லது; .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ரைஃபிள் என் முதல் தேர்வு, அதன் உதைப்பு (சுடும்போது தோளில் விழும் இடி) அதிகமாகத் தெரிந்தால் 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கானது. .223 தோட்டாவுக்குப் பன்றி விழாது என்பதில்லை. கிட்டத்தில் அசையாமல் நிற்கும் பன்றியின் காதடியில் தவறாமல் சுடத் தெரிந்தவருக்கு அது போதும்.

டெக்சாஸில் காட்டுப்பன்றிக்குக் குறைந்தபட்சக் காலிபர் என்று விதி இல்லை. 2019 செப்டம்பர் முதல், தனியார் நிலத்தில் உரிமையாளரின் அனுமதி இருந்தால் வேட்டை உரிமம்கூட வேண்டியதில்லை. ஜெர்மனியிலோ, குண்டின் விட்டம் குறைந்தது 6.5 மில்லிமீட்டராகவும், 100 மீட்டர் தொலைவில் அதன் ஆற்றல் குறைந்தது 2,000 ஜூலாகவும் இருக்க வேண்டும் என்று வேட்டைச் சட்டமே வகுத்திருக்கிறது. .223 குழலை விட்டுப் புறப்படும்போதே சுமார் 1,700 ஜூல்தான். 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) எடைக் குண்டுள்ள .308 அந்தத் தொலைவிலும் ஏறத்தாழ 2,900 ஜூலோடு போய்ச் சேரும்.

முதிர்ந்த ஆண் பன்றியின் தோளில், தோலுக்கடியில், சண்டையில் எதிரியின் கோரைப்பல்லைத் தாங்குவதற்கென்றே இறுகித் தடித்த கவசம் ஒன்று உண்டு. கொயோட்டி (நரியை ஒத்த அமெரிக்கக் காட்டுநாய்) போன்ற சிறுவிலங்குகளுக்காகச் செய்யப்பட்ட மெல்லுறைக் குண்டு அதில் பட்டுச் சிதறினால், ஆழமில்லாத புண்ணோடு பன்றி புதருக்குள் ஓடி, நாள்கணக்கில் கிடந்து சாகக்கூடும். ஆகவே எந்தக் காலிபரானாலும், சிதறாதபடி உள்ளிருக்கும் ஈயத்தோடு உறை பிணைக்கப்பட்ட குண்டையோ முழுச் செம்புக் குண்டையோ வாங்குங்கள். கொழுப்பு துளையை அடைத்துக்கொள்வதால் பன்றி அதிகம் இரத்தம் சிந்தாது. குண்டு மறுபக்கம் வெளியேறினால்தான் தடம் பிடிப்பது எளிது.

மான் சுட்டுப் பழகியவர்கள் தோளுக்குப் பின்னால் குறிவைப்பார்கள். பன்றியின் இதயம் அதைவிட முன்னேயும் தாழ்வாகவும் இருப்பதால், அந்தக் குறி சற்றுப் பிசகினாலும் வயிற்றில் போய்ப் படும். பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு, முன்னங்காலுக்கு நேர்மேலே, உடலின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள்.

.300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற, இன்னும் பலமாக உதைக்கும் தோட்டாக்களுக்கான ரைஃபிளைக் கடைக்காரர் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். உதைப்புக்கு அஞ்சி விசையை வெடுக்கென்று இழுப்பவருக்குக் குறி தப்பும். புதிய ரைஃபிள் கைக்கு வரும்வரை .223-ஐத்தான் எடுத்துச் செல்வீர்களானால், ஓடும் பன்றியையும் முகம் காட்டி நிற்கும் பன்றியையும் சுடாமல் விட்டுவிடுங்கள்.