போர் தண்ணி செவப்பா படிஞ்சா ஆர்சனிக்கா?

கேள்வி: ஐயா, கறம்பக்குடி பக்கம் எங்க ஊரு. 1 ஏக்கர் நெல்லு, 2 ஏக்கர் மிளகாய் சொட்டுநீர்ல. போர் தண்ணிய குடத்துல புடிச்சு வச்சா விடிஞ்சதும் அடியில செவப்பா படியுது, டிரிப்பரும் அடைச்சுக்குது. ஃபில்டர் விக்க வந்தவரு இது ஆர்சனிக்ங்கிற விஷம், பெங்கால்ல இதனாலதான் கேன்சர், 85 ஆயிரத்துக்கு மெஷின் போடுங்கன்றாரு. குடிக்கிறதும் இந்த தண்ணிதான். போடலாமா?

பதில்: தம்பி, மொதல்ல அட்வான்ஸ் எதுவும் குடுத்துடாதீங்க. ஆர்சனிக்குக்கு நிறம், வாசம், ருசி எதுவுமே கெடையாது, கண்ணால பாத்து சொல்றவரு வியாபாரம் பண்றாருன்னு அர்த்தம். பம்புல தெளிவா வந்து காத்து பட்டதும் செவக்குதுன்னா அது இரும்பு.

பெங்கால் கதை நெசந்தான். குளத்து தண்ணி குடிச்சா பேதின்னு ஊர் ஊரா குழாய்க்கிணறு போட்டாங்க, 1983 வாக்குல கொல்கத்தாவுல தோல் டாக்டர்கள்ட்ட உள்ளங்கை தடிச்சு, ஒடம்புல கருப்பு புள்ளியோட ஆளுங்க வர ஆரம்பிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. இமயமலைலேர்ந்து ஆத்துல வந்த வண்டல்ல இரும்போட ஒட்டிக்கிட்டு கெடந்த ஆர்சனிக், அடியில காத்தில்லாததால கரைஞ்சு தண்ணில எறங்கிருச்சு. அங்க ரெண்டும் சேந்தே வர்றது உண்டு, அதனால உங்க தண்ணில இல்லவே இல்லன்னு நானும் இங்க உக்காந்து சொல்ல முடியாது, டெஸ்ட் பண்ணிருங்க. மோட்டார கால் மணி நேரம் ஓட விட்டு, லேப்ல குடுக்குற பாட்டில்லயே புடிங்க, ஆர்சனிக்னு தனியா எழுதிக் குடுங்க, சாதாரண டெஸ்ட்ல உப்பு, பிஎச்சோட முடிச்சிருவாங்க. குடிக்க லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் லிமிட்.

அந்த லிமிட்டுக்கு மேல வந்தா காய்ச்சிக் குடிக்கலாம்னு நெனைக்காதீங்க, தண்ணி வத்தி ஆர்சனிக் இன்னும் கெட்டியாகும். ப்ளீச்சிங் பவுடர் போட்டு அதோட ரூபத்த மாத்தணும், அப்பதான் ஃபெரிக் குளோரைடுங்கிற இரும்பு உப்போ படிகாரமோ போட்டா திரிதிரியா ஒட்டி அடியில எறங்கும், அப்பறம் மணல் ஃபில்டர். மொத ஸ்டெப்ப விட்டா பாதி அப்படியே நழுவிரும். அளவு தண்ணிக்கு தண்ணி மாறும், வீட்ல குத்துமதிப்பா போடாதீங்க. அந்த சேறு பூரா விஷம், அத வயல்ல கொட்டிட்டா எடுத்தது திரும்ப மண்ணுக்கே போயிரும்.

நெல்லுக்கும் ஒரு வார்த்தை. தேங்குன தண்ணிலதான் பயிரு ஆர்சனிக்க அதிகமா இழுக்கும், காய்ச்சலும் பாய்ச்சலுமா, அதாவது வயல காய விட்டு திரும்ப பாய்ச்சி குடுத்தா கொறையும். நம்மாளு தண்ணி மிச்சம் பிடிக்க செய்றதுதான், வேற ஒண்ணுமில்ல.

மிளகாய்க்கு மெஷினே வேணாம். போர் தண்ணிய தொட்டிக்கு மேலேர்ந்து ஷவர் மாதிரி பொழிய விடுங்க, ராத்திரி நிக்கட்டும், காலைல மேல் தண்ணிய மட்டும் மணல் ஃபில்டர் வழியா லைனுக்கு விடுங்க. வாரம் ஒரு தடவ லேட்ரல், அதான் டிரிப்பர் இருக்குற சின்ன குழாயோட கடைசி முடிச்ச அவுத்து விட்டா செவப்பு சேறு டீ டிகாஷன் மாதிரி வரும், தெளியிற வரைக்கும் ஓடட்டும்.

லேப் ரிசல்ட் வர்ற வரைக்கும் குடிக்க மட்டும் பஞ்சாயத்து குழாய் தண்ணி எடுத்துக்கங்க. வந்ததும் போட்டோ அனுப்புங்க.